கூடு வேறு, உயிர் வேறு!

பழைய நகை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் முதலில் என்ன செய்கிறார்? உரைகல்லில் ஒரு தேய்ப்பு. தராசில் ஒரு நிறுப்பு. ஆசாரி மாதக் கணக்கில் உட்கார்ந்து இழைத்த வேலைப்பாடாக இருந்தாலும் சரி, அச்சில் அடித்துத் தள்ளிய சரக்காக இருந்தாலும் சரி, தராசுத் தட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து, மிஞ்சிய எடைக்கு விலை சொல்லிவிடுவார். பாட்டியின் அட்டிகையை அப்படிப் பறிகொடுத்துவிட்டுப் பெருமூச்சோடு வீடு திரும்பிய அனுபவம் பல குடும்பங்களில் உண்டு.

அதே தராசில் ஒரு கடிகாரத்தை வைத்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் அப்படி ஆயிரக் கணக்கான கடிகாரங்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தங்கக் கூட்டைக் கழற்றி நிறுத்தார்கள், உருக்கினார்கள். உள்ளே டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த இயந்திரத்தை, “இது வெறும் பித்தளை” என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தப் பித்தளையைத் தேடிப் பிடித்துச் சேகரிக்கும் மனிதர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தபால் தலை சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழங்காசு சேர்ப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். பழைய ஆங்கில ஜேபிக் கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் ஒரு தனி ஜாதி. அவர்களிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். முகத்தைப் பார்த்து மணி என்ன என்று கேட்கமாட்டார்கள். சட்டென்று முதுகைத் திறந்துவிடுவார்கள்!

கூட்டுக்குள் ஒரு கூடு

முதுகைத் திறந்தால் என்ன தெரியும்? 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் செய்த கடிகாரமானால், திறந்ததும் இன்னொரு கூடு தெரியும். அந்தக் காலத்து ஆங்கிலக் கடிகாரத்துக்கு இரண்டு கூடுகள். வெளிக்கூடு அடி உதையைத் தாங்கிக்கொள்ளும். உள்கூடு இயந்திரத்தைப் பொத்தி வைத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று உராயாமல் இருக்க, நடுவில் வட்டமாக ஒரு காகிதத்தை வெட்டி வைப்பார்கள்.

அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் பழுது பார்த்த கடைக்காரரின் பெயரும் விலாசமும் அச்சாகியிருக்கும். சில கடிகாரங்களில் மட்டும் காகிதத்துக்குப் பதில் ஒரு சின்ன வட்டத் துணி இருக்கும். அதில் பூத்தையல், ஓர் இதயம், ஒரு கொடி, இரண்டு எழுத்துக்கள், சில சமயம் ஒரு வருஷம். கணவனுக்கோ, கணவனாக வரப்போகிறவனுக்கோ ஒரு பெண் தைத்துக் கொடுத்தது. கடிகாரத்துக்கு உரியவன் யார் என்று இன்று தெரியாது. தைத்தவளும் யாரோ. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத்துக்குள் அவள் இழுத்த நூல் மட்டும் அப்படியே இருக்கிறது. நல்ல சேகரிப்பாளர் அதை எடுத்து எறியமாட்டார். கடிகாரத்தோடு சேர்த்தே வைத்திருப்பார்.

பம்பரமும் சங்கிலியும்

இனி இயந்திரத்துக்கு வருவோம். சாவி கொடுத்ததும் உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியும் பலத்தில் சக்கரங்கள் ஓடுகின்றன. இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இறுக்கமாக இருக்கும்போது ஸ்பிரிங்குக்கு வேகம் அதிகம்; தளரத் தளர அது சோர்ந்துவிடும். மாதத்தின் முதல் வாரத்துச் சம்பளக்காரர் மாதிரிதான்! இதனால் காலையில் வேகமாகவும் இரவில் மெதுவாகவும் ஓடினால் அது கடிகாரமாகுமா?

இதற்குக் கண்ட பரிகாரம் ‘ப்யூஸி’. ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்று, பம்பரம் போன்ற ஓர் உருளை. அதன் உடம்பில் சுற்றிச் சுற்றி வெட்டிய பள்ளம்; பள்ளத்தில் ஒரு மெல்லிய சங்கிலி. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளிப் பாருங்கள், பலம் வேண்டும். ஓரத்தில் தள்ளுங்கள், சுண்டுவிரல் போதும். அதே சூத்திரம்தான் இங்கேயும். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது சங்கிலி பம்பரத்தின் ஒடுங்கிய பக்கத்தை இழுக்கிறது. பலம் குறையக் குறைய அகன்ற பக்கத்துக்கு வந்துவிடுகிறது. முடிவில் சக்கரங்களுக்குக் கிடைக்கும் வேகம் என்றும் ஒரே சீர். மற்ற நாட்டார் இந்த முறையைக் கைவிட்ட பிறகும் ஆங்கிலேயத் தொழிலாளிகள் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் இதைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குதிரை வால் மயிர்போல் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அது சைக்கிள் சங்கிலி மாதிரி, கண்ணி கண்ணியாக ஆணி அடித்துக் கோத்தது என்று தெரியும். ஒரு சாண் நீளச் சங்கிலியில் நூற்றுக் கணக்கான துண்டுகள். இதை யார் செய்தார்கள்?

இங்கிலாந்தின் தென்கரையில் கிறைஸ்ட்சர்ச் என்று ஓர் ஊர். 1790-ல் ராபர்ட் காக்ஸ் என்பவர் அங்கே இந்தச் சங்கிலித் தொழிலை ஆரம்பித்தார். வேலை செய்தவர்கள் பெண்கள். அநாதை விடுதியைப் போன்ற ஏழை விடுதியில் இருந்த சின்னஞ் சிறுமிகள். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து, கண்ணுக்கு எட்டாத துண்டுகளை ஆணி வைத்து இணைத்துக்கொண்டே இருப்பார்கள். வயதாகும் முன்பே அவர்களுடைய பார்வை மங்கிவிடும். இங்கிலாந்தின் பெரிய கடிகார நிபுணர்களின் பெயர்கள் எல்லாம் தகட்டின்மேல் சித்திர எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. சங்கிலி செய்த சிறுமியின் பெயர் எந்தக் கடிகாரத்திலும் இல்லை.

இருட்டில் மணி சொல்லும் வித்தை

நேரம் காட்டுவதற்கு மேலாக ஒரு கடிகாரம் செய்யும் ஒவ்வொரு வேலையையும் தொழில்காரர்கள் ‘காம்ப்ளிகேஷன்’ என்கிறார்கள். தமிழில் ‘சிக்கல்’ என்று சொல்லிவிடலாம். வாங்குகிறவருக்கும் சரி, பழுது பார்க்கிறவருக்கும் சரி, மிகப் பொருத்தமான பெயர்!

இந்தச் சிக்கல்களில் ஒன்று ரிப்பீட்டர். தீக்குச்சி விற்பனைக்கு வந்ததே 1827-ல்தான். அதற்கு முன் நடுநிசியில் விழித்துக்கொண்டால் மணி பார்க்க வழி ஏது? சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பஞ்சைப் பற்றவைத்து, மெழுகுவத்தி ஏற்றி, வீட்டில் அத்தனை பேரையும் எழுப்பி... வேண்டாம் அந்த வம்பு! தலையணைக்கு அடியில் இருக்கும் கடிகாரத்தின் பொத்தானை ஒரு தரம் அழுத்தினால் போதும். ‘டிங், டிங், டிங்’ என்று மூன்று அடி. பிறகு ‘டிங் - டாங்’ என்று இரண்டு ஜோடி அடி. மூன்றரை மணி என்று புரிந்துகொண்டு திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

இந்த வித்தை யாருக்குச் சொந்தம் என்று இங்கிலாந்தில் ஒரு வழக்கே நடந்தது. எட்வர்டு பார்லோ என்ற பாதிரியார் தனி உரிமை கேட்டார். லண்டன் கடிகாரக்காரர்கள் எதிர்த்தார்கள். டேனியல் க்வேர் என்ற கடிகாரக்காரர் தாமும் ஒன்று செய்திருப்பதாகக் கொண்டுவந்தார். 1687-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரே இரண்டையும் அழுத்திப் பார்த்தார். பாதிரியாருடையதில் மணிக்கு ஒரு பொத்தான், கால் மணிக்கு ஒரு பொத்தான். க்வேருடையதில் ஒரே பொத்தான் இரண்டையும் சொல்லிவிட்டது. மன்னர் க்வேர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பொத்தானைத் தேடும் கஷ்டம் மன்னருக்கும் தெரிந்திருக்கிறது!

பின்னால் இன்னும் நாசூக்காக ஒன்று வந்தது: ஊமை ரிப்பீட்டர். மணி ஒலிக்காது, கூட்டின் உட்புறத்தில் மெல்லத் தட்டும். கையில் பிடித்திருப்பவருக்கு மட்டும் தட்டுவது தெரியும். சபையில் ஒருவர் நீட்டி முழக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் மனம் நோகாமல் நேரம் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாதனம் உண்டா?

அடுத்தது, காலண்டர் கடிகாரம். எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31, பிப்ரவரிக்கு எந்த வருஷம் 29 என்பதெல்லாம் அதற்கே தெரியும். நான்கு வருஷத்துக்கு ஒரே ஒரு தரம் சுற்றிவரும் உறுப்பு அதற்குள் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? தாமஸ் மட்ஜ் என்ற லண்டன் மேதை இப்படி ஒன்றை ஜேபிக்குள் அடங்கும்படி 1760-களிலேயே செய்துவிட்டார். இந்த மட்ஜின் கைவேலையில் இன்னொரு கடிகாரம், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் ராணிக்கு உரியது. 1770-ஐ ஒட்டிச் செய்த அந்தக் கடிகாரத்தில்தான் நெம்புகோல் முறையை அவர் ஜேபிக் கடிகாரத்தில் புகுத்தினார். சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரம் உங்களிடம் இருந்தால், அநேகமாக அதற்குள் துடிப்பது அந்த முறையின் வாரிசுதான்.

இன்னொரு சிக்கல், காரசல். கடிகாரத்தை நிமிர்த்தி வைத்தால் ஒரு வேகம், கவிழ்த்து வைத்தால் ஒரு வேகம். பூமியின் ஈர்ப்பு செய்யும் சேஷ்டை இது. டென்மார்க்குக்காரரான பானி பானிக்ஸன் கவன்ட்ரி நகரில் குடியேறி, 1892-ல் இதற்கு ஓர் உபாயத்துக்கு உரிமை பெற்றார். துடிக்கும் பாகம் முழுவதையும் ஒரு தட்டில் ஏற்றி, ஏறக்குறைய 52½ நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றிவரும்படி செய்துவிட்டார். கத்தரிக்காயைத் தணலில் சுடும்போது என்ன செய்கிறீர்கள்? ஒரே பக்கம் காட்டாமல் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள் அல்லவா? அந்த யுக்திதான். ஒரு நிலையில் வந்த பிழையை மறு நிலையில் வரும் பிழை சரிக்கட்டிவிடுகிறது.

தங்கமே யமன்

இவ்வளவு வித்தையும் தெரிந்த கடிகாரங்களை அழித்தது எது? துருவும் தூசியும் ஓரளவுதான். தங்கம்தான் அவற்றுக்குப் பெரிய யமனாக வந்து வாய்த்தது.

உயர்ந்த இயந்திரத்துக்கு உயர்ந்த கூடு போடுவது வழக்கம். எனவே மிகச் சிறந்த கடிகாரங்கள் பெரும்பாலும் 18 காரட் தங்கத்துக்குள் இருந்தன. அதுவே அவற்றுக்கு வினையாக முடிந்தது. 1931-ல் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறிற்று. பீரோவில் கிடந்த பழந்தங்கம் எல்லாம் கடைக்குப் புறப்பட்டது. 1980-ன் தொடக்கத்தில் விலை மறுபடியும் விண்ணைத் தொட்டபோதும் அதே கதை. வெள்ளிக் கூட்டில் இருந்த சாதாரணக் கடிகாரம் பிழைத்தது; தங்கக் கூட்டில் இருந்த உத்தமமான கடிகாரம் உலைக்குப் போயிற்று.

பெண்களுக்கும் இந்தப் பாவத்தில் ஒரு சிறு பங்கு உண்டு! பழைய ஆங்கிலக் கடிகாரத்தில், துடிக்கும் சக்கரத்தைக் காக்க அதன்மேல் ஒரு சிறு மூடி இருக்கும். கொடியும் பூவும் முகமூடியுமாகக் குடைந்து செதுக்கிய மூடி. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘பழைய கடிகாரம் எதற்கு?’ என்று அந்த மூடிகளைப் பிடுங்கி, வரிசையாகக் கோத்து, கழுத்துக்கு மாலையாகவும் கைக்கு வளையாகவும் சீமாட்டிகள் அணிந்துகொண்டார்கள். பார்வைக்கு அழகான மாலைதான். ஒவ்வொரு மாலையிலும் பத்து இருபது கடிகாரங்களின் உயிர் தொங்கியது.

ஆர்னால்டு துரை

இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த ஒருவர் கதையைக் கேளுங்கள். கிரீனிச் வானாராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக இருந்தவர் ஜான் பெல்வில். அவரிடம் ஜான் ஆர்னால்டு செய்த அபூர்வமான ஜேபிக் கடிகாரம் ஒன்று இருந்தது. 1794-ல், மன்னரின் மகனான ஸஸெக்ஸ் பிரபுவுக்காகச் செய்தது. “படுக்கையைச் சூடாக்கும் வாணலி மாதிரி இருக்கிறதே!” என்று பிரபு அதை வேண்டாம் என்று ஒதுக்கியதாக ஒரு பேச்சு உண்டு.

1836 முதல் பெல்வில் இந்தக் கடிகாரத்தைக் கிரீனிச்சில் சரிபார்த்து எடுத்துக்கொண்டு லண்டன் கடை கடையாகப் போய்ச் சரியான நேரத்தைச் சொல்லிவந்தார். சுமார் 200 வாடிக்கைக்காரர்கள். சந்து பொந்துகளில் எல்லாம் நடக்க வேண்டிய வேலை. தங்கக் கூட்டைக் கண்டால் திருடன் விடுவானா? பெல்வில் யோசித்தார், கூட்டை வெள்ளியாக மாற்றிவிட்டார். கடிகாரம் பிழைத்தது!

1856-ல் அவர் காலமானதும் குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை. விதவையான மரியா அந்தக் கடிகாரத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். 1892 வரை அவர் நடந்தார். பிறகு மகள் ரூத் நடந்தார். வாரந்தோறும் கிரீனிச்சுக்குப் போய், அன்றைக்குக் கடிகாரம் எத்தனை வினாடி முன்பின் என்று சீட்டு வாங்கிக்கொண்டு, வீதி வீதியாகப் போவார். கடிகாரத்துக்கு அவர் வைத்த பெயர், ‘மிஸ்டர் ஆர்னால்டு’. நம் ஊர் வழக்கில் ஆர்னால்டு துரை!

1908-ல், தந்திக் கம்பி மூலம் நேரம் விற்ற போட்டிக் கம்பெனியின் பிரமுகர் ஒருவர், இந்த அம்மாள் பெண் என்பதால்தான் வியாபாரம் நடக்கிறது என்று சபையில் ஜாடையாகப் பேசினார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. விளைவு? அதுவரை அவரைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கும் ரூத்தின் பெயர் தெரிந்துவிட்டது. வியாபாரம் படுக்கவில்லை. 1924-ல் வானொலியில் நேர ஒலி வந்தது. 1936-ல் டெலிபோனிலேயே மணி சொல்ல ஆரம்பித்தார்கள். ரூத் அம்மையார் 1940 வரை நடந்துகொண்டுதான் இருந்தார். 1943-ல், 89-ஆம் வயதில் அவர் காலமானார். ஆர்னால்டு துரை லண்டன் கடிகாரக்காரர்கள் சங்கத்தைப் போய்ச் சேர்ந்தார். 1631-ல் அரச சாசனம் பெற்ற அந்தச் சங்கத்தின் காட்சிசாலை 2015 முதல் லண்டன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

அநாதைகளுக்கு ஒரு வீடு

எல்லாக் கடிகாரத்துக்கும் ஒரு பெல்வில் கிடைப்பாரா? கூட்டை இழந்து, ‘வெறும் பித்தளை’ ஆகிவிட்ட இயந்திரங்களுக்கு யார் கதி?

லண்டன் செல்ஸீ பகுதியில், மில்னர் வீதியில் கோர்ட்னி இல்பர்ட் என்று ஒருவர் இருந்தார். 1888-ல் பிறந்தவர். வீடு நிறையக் கடிகாரங்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள் சேர்த்துவிட்டார். சேர்த்ததில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை அன்று. கூடு இல்லாத இயந்திரங்களையும் அவர் நூற்றுக் கணக்கில் வாங்கி வைத்தார். மேஜைமேல் வைத்து அழகு பார்க்க முடியாது. சங்கிலி மாட்டி உடுத்திக்கொள்ள முடியாது. ஒரு காலத்து மனிதர்களின் மூளை அதற்குள் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்தார்.

1956-ல் இல்பர்ட் காலமானார். 1958 நவம்பரில் கிறிஸ்டீஸ் கம்பெனி ஏலம் விட நாள் குறித்தாகிவிட்டது, விலைப்பட்டியல்கூட அச்சாகிவிட்டது. ஏலம் நடந்திருந்தால் ஒரு மனிதரின் ஆயுட்கால உழைப்பு உலகத்தின் நாலு மூலைக்கும் சிதறியிருக்கும். அந்தத் தறுவாயில் கில்பர்ட் எட்கர் என்ற கனவான் முன்வந்து 50,000 பவுண்டு நன்கொடை கொடுத்தார். பெரிய கடிகாரங்கள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. ஜேபிக் கடிகாரங்களுக்கு அரசாங்க உதவியும் மற்றவர்களின் நன்கொடையும் சேர்ந்தன. ஏலம் ரத்தாயிற்று. கூட்டோடு இருந்தவையும் கூட்டை இழந்தவையும் இன்று ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஒரு காலத்துத் தொழில்நுட்பத்தை ஆராய விரும்புகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள்.

வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்?

இன்றும் சேகரிப்பவர்கள் முதலில் முத்திரையைப் படிக்கிறார்கள். நடக்கும் சிங்கம் என்றால் நல்ல வெள்ளி. சிறுத்தையின் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், மூன்று கதிர்க்கட்டும் வாளும் செஸ்டர். பக்கத்தில் ஒற்றை எழுத்து ஒன்று, அது வருஷம். பிறகு கூட்டின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால், ஓர் இயந்திரத்துக்கு வேறொரு கூட்டைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை மறைக்காமல் சொல்லி விற்கிறவர் யோக்கியர்.

‘லண்டன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. லண்டன் கடிகாரத்துக்கு இருந்த மவுசைப் பார்த்து 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவின் பிற பகுதிகளில் போலி செய்தார்கள். ‘வில்ட்டர், லண்டன்’, ‘டார்ட்ஸ், லண்டன்’ என்றெல்லாம் பெயர் பொறித்த கடிகாரங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வேடிக்கை என்னவென்றால், போலிகளுக்கே வயதாகிவிட்டதால் இப்போது அவற்றையும் சிலர் ஆசையோடு சேர்க்கிறார்கள்!

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில், தாத்தா காலத்துச் சங்கிலிக் கடிகாரம் எதுவும் கிடக்கிறதா? ஆங்கிலேயக் கடிகாரமோ, ஸ்விட்சர்லாந்துக் கடிகாரமோ, எதுவானாலும் சரி. ஆசை மிகுதியால் உடனே சாவி கொடுக்காதீர்கள். பல வருஷத்து எண்ணெய் உள்ளே பிசினாகியிருக்கும். ஓடினால் அச்சு தேயும், பழஞ் சங்கிலியானால் அறுந்தே போகும். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், முத்திரை அழிந்துவிடும். உள்ளே காகிதமோ துணியோ இருந்தால் எறிய வேண்டாம். சாவி தனியாகக் கிடந்தால் ஒரு நூலில் கட்டிக் கடிகாரத்தோடேயே வையுங்கள். பழைய கடிகாரம் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கூட்டுக்கு என்ன எடை, என்ன விலை என்று அவரிடம் கேட்க வேண்டாம். அதை எந்தத் தராசும் சொல்லிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.